காலித் தோட்டா உறைகளைச் சுத்தம் செய்வது: அமெரிக்காவில் ரீலோடிங் தொடங்கும் தமிழர்களுக்கு

ரேஞ்சில் சுட்டு முடித்ததும் காலடியில் உருண்டு கிடக்கும் பித்தளை உறைகளைப் பார்த்து, இதை ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும், நாமே மறுபடி நிரப்பிக்கொள்ளலாமே என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரப்புவதைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது. அதற்கு, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லும் லோட் கையேடுகள் அச்சில் வந்திருக்கின்றன, அவற்றைத்தான் படிக்க வேண்டும். இது அதற்கு முந்தைய வேலை: உறையைப் பொறுக்கி, சுத்தம் செய்து, டப்பாவில் போட்டு மூடுவது வரை.

சின்ன வேலைதானே என்று இறங்கினால் தலை சுற்றிவிடுகிறது. ஒருவர் கட்டாயம் செய் என்பதை இன்னொருவர் செய்யவே கூடாது என்பார், கடையில் போய்க் கேட்டால் இருப்பதிலேயே விலை கூடிய மெஷினைக் காட்டுவார்கள். திண்டாடித் தெரிந்துகொண்டது என்னவென்றால், எல்லாரும் பளபளப்பைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் மங்கலான உறையும் நன்றாகத்தான் வேலை செய்யும். சுத்தம் செய்வதற்கான உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று. சுட்டதில் விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் உலோக அச்சுக்குள் அழுத்துவோம். மண்ணும் கரியும் ஒட்டிய உறையை அதற்குள் அழுத்தினால் அச்சில் கீறல் விழும், அப்புறம் அந்த அச்சில் போகும் ஒவ்வொரு உறையிலும் அதே கீறல் வரும். மண், கரி போனால் போதும். பணத்தையும் கவனத்தையும் செலவிட வேண்டிய இடங்கள் வேறு.

1. முதலில் விசா

இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இங்கே ரீலோடிங் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது முழுத் தோட்டாவை மட்டும் சொல்லவில்லை. உறை, அதன் அடியில் இருந்து அடி பட்டதும் தீப்பொறி தரும் பிரைமர், குண்டு, வெடிமருந்து ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகவே அந்த வரையறைக்குள் வருகிறது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். சுட்டு முடித்த காலி உறை அந்த வரையறைக்குள் வருமா வராதா என்று வாதம் பண்ணும் இடத்தில் விசாக்காரர் போய் நிற்கக் கூடாது. உரிமம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

டெக்சஸை எடுத்துக்கொண்டால், அங்கே வசிப்பவருக்கு வேட்டை உரிமம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தையும் முடித்திருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது தேதி. நீங்கள் எந்த மாதம் வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதிய ஆண்டுக்கான உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது, அப்போதே வாங்கிவிடுங்கள். செப்டம்பர் 1 அன்று உங்கள் கேரேஜில் ஒரு வாளி உறை இருந்து, கையில் உரிமம் இல்லாவிட்டால் அந்த விலக்கும் இல்லை. உரிமத்தின் நகல், ஐ-94 நகல் இரண்டையும் ரேஞ்ச் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. விசா நிலை மாறப்போகிறது, கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நிற்கிறது என்றால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டணம் இல்லை.

மாநிலச் சட்டம் தனி. மாசசூசெட்ஸில் காலி உறையும் தோட்டா என்றே கணக்கு, அதை வைத்திருக்க மாநில உரிம அட்டை வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் இது பொருந்தும். வேலை மாறி மாநிலம் மாறும்போது இதையும் பார்த்துக்கொண்டு வீட்டுச் சாமானைக் கட்டுங்கள்.

இன்னொன்று. உங்களுக்காக நீங்களே நிரப்பிக்கொள்ள கூட்டரசு உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்கும் தொழிலில் இறங்கினால் 06 வகை உரிமம் வேண்டும், மூன்று ஆண்டுக்கு 30 டாலர். நண்பர்தானே, காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம் என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

2. பொறுக்கும் இடத்து விதி

ரேஞ்சுக்கு ரேஞ்ச் வேறுபடும். சில இடங்களில் தரையில் விழுந்ததெல்லாம் ரேஞ்சுக்குச் சொந்தம், சில இடங்களில் நீங்கள் சுட்டதை மட்டும் எடுக்கலாம், சில இடங்களில் யார் சுட்டதையும் எடுக்கலாம். கவுண்டரில் கேட்டுவிட்டுக் குனியுங்கள். சுடும் கோட்டைத் தாண்டி விழுந்ததை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

தொப்பியிலும் சட்டை மடியிலும் அள்ளுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மூடியுள்ள வாளி ஒன்றும் கையுறையும் கொண்டுபோனால் போதும். காரணம் நான்காவது படியில் இருக்கிறது.

3. தரம் பிரிப்பது

மொத்த வேலையில் அலுப்பூட்டுவது இதுதான், தவறவிடக் கூடாததும் இதுதான். தொலைக்காட்சியில் ஏதாவது ஓடவிட்டுக்கொண்டு செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம், வீட்டுக் கூடம் இதற்கான இடமில்லை. கேரேஜில் உட்காருங்கள்.

முதலில் சுடப்படாத முழுத் தோட்டா கலந்திருக்கிறதா பாருங்கள். பொதுவில் பொறுக்கிய உறைகளில் இது சாதாரணமாக வரும், அதுவும் .22 ரிம்ஃபயர் தோட்டா பெரிய உறைக்குள் ஒளிந்துகொண்டே வந்துவிடும். மெஷினுக்குள் அது போகவே கூடாது. ரேஞ்சிலேயே பழுதான தோட்டாவைப் போட ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். காலியான .22 ரிம்ஃபயர் உறையும் நமக்கு உதவாது, அதில் தனி பிரைமர் கிடையாது.

அடுத்து காந்தம். இரும்பு உறை ஒட்டிக்கொள்ளும், தூக்கி ஓரமாகப் போடுங்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் வெள்ளியாக மங்கித் தெரியும், எடையும் குறைவு. நிக்கல் பூசிய பித்தளையும் வெள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் பளபளப்பாக இருக்கும். அது பயன்படும்.

அப்புறம் அளவு. 9 எம்எம் உறை .40 உறைக்குள் நுழைந்துகொள்ளும், .40 உறை .45 உறைக்குள் நுழைந்துகொள்ளும். மெஷினில் போட்ட பிறகு இறுகிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. .380 உறை 9 எம்எம் கூட்டத்தில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்காமல் எதையும் வாளியில் போடாதீர்கள். .45 உறையில் ஒரு கூடுதல் தொல்லை: சிலவற்றில் பிரைமர் குழி பெரியது, சிலவற்றில் சிறியது, இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். .223 உறைகளோடு .300 பிளாக்அவுட்டும் கலந்து வரும், பின்னது குட்டையானது.

அடியில் வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் அது நேட்டோ தரத்து இராணுவ வகைத் தோட்டா. எல்சி என்ற எழுத்துள்ள 5.56 உறைகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் பிரைமர் நகராமல் இருக்க குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். பழைய பிரைமர் வந்துவிடும், புதியது நேராக உட்காராது. அந்த விளிம்பைச் செதுக்கிவிட வேண்டும், அதற்குத் தனிக் கருவி உண்டு. தொடக்கத்திலேயே தனி டப்பாவில் போட்டுவிட்டால் பின்னால் குழப்பமில்லை.

உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, அது நமக்கு வேண்டியது. ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை, பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண ஊசி உள்ளே இறங்கி உடைந்துபோகும்.

4. காரீயம்

பிரைமர் மருந்தில் காரீயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அது புகைக்கரியாக உறையின் உள்ளும் புறமும் படிந்துவிடுகிறது. நாம் அந்தக் கரியைத்தான் சுரண்டி எடுக்கப் போகிறோம், அதாவது உறையிலிருந்து தூசிக்கோ தண்ணீருக்கோ மாற்றப் போகிறோம். எந்த முறையைத் தேர்ந்தாலும் அது மாயமாகிவிடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தையின் ரத்தத்தில் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டிய அளவு என்று 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கிறது.

அதனால் வேலை முழுக்க வீட்டுக்கு வெளியே, கேரேஜில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நைட்ரைல் கையுறை. தூசி பறக்கிற வேலைக்கு என்95 முகக்கவசம். வேலை நடுவில் டீ, முறுக்கு எதுவும் வேண்டாம். முடித்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில், காரீயத்தை நீக்குவதற்கென்றே விற்கும் சோப்பால் கழுவுங்கள். அதற்கென்று ஒரு பழைய சட்டை வைத்துக்கொண்டு தனியாகத் துவையுங்கள். சமையலறைச் சல்லடை, பாத்திரம், சிங்க் எதையும் இதற்குத் தொடக்கூடாது. "கழுவிட்டுத் திருப்பி வெச்சிடறேன்" என்பது நடக்காது. ஒரு டாலர் கடையில் தனியாக வாங்கிவிடுங்கள்.

5. உலர்வா, ஈரமா

இரண்டு வழி. அதிரும் தொட்டியில் வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டு ஆட்டுவது உலர்முறை. சுழலும் பீப்பாயில் தண்ணீர், சோப்பு, ஸ்டீல் ஊசிகளோடு போட்டு உருட்டுவது ஈரமுறை.

உலர்முறைக்கு மெஷின் சுமார் 60 முதல் 100 டாலர், தூளும் சல்லடையும் சேர்த்து இன்னொரு 40. ஈரமுறைக்கு மெஷினே 150 முதல் 250 வரை போகும், ஊசியைப் பிரிக்கும் சல்லடை, காந்தம், உலர்த்தி எல்லாம் சேர்ந்தால் 300ஐத் தாண்டிவிடும். ஈரமுறையில் உறை உள்ளும் புறமும் புதிதுபோல் ஆகும், பிரைமர் குழிகூடச் சுத்தமாகும், தூசியும் இல்லை. பதிலுக்கு உலர்த்த வேண்டும், அழுக்குத் தண்ணீரைக் கையாள வேண்டும். மாதம் ஒரு முறை கைத்துப்பாக்கி சுடுகிறவருக்கு உலர்முறை தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ரைஃபிளில் துல்லியம் தேடுகிறவர்கள் ஈரத்துக்குப் போகலாம்.

மெஷினே வேண்டாம், முதலில் பழகிப் பார்க்கிறேன் என்றால் அதுவும் முடியும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம். பத்து நிமிடம் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி உலர்த்துங்கள். பளபளக்காது, வேலைக்கு ஆகும். செலவு பத்து டாலருக்குள்.

6. உலர்முறையில் செய்வது

பிரைமரை எடுக்காமலே போடுங்கள். எடுத்துவிட்டுப் போட்டால் தூள் அடித்துளையில் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

வால்நட் தூள் அழுக்கை எடுக்கும், மக்காச்சோளக் கதிர்க்கட்டைத் தூள் மெருகூட்டும். முதலில் வால்நட் மட்டும் வாங்கினால் போதும். ரீலோடிங் கடையில் வாங்குவதைவிட, செல்லப்பிராணிக் கடையில் பல்லி ஓணான் வளர்க்கிறவர்களுக்காக விற்கும் வால்நட் தூள் மலிவு, பொருள் ஒன்றுதான். தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தூள், மேலே உறைகள், கூடவே துணி உலர்த்தியில் பயன்படுத்திய டிரையர் ஷீட் ஒன்றை நான்காகக் கிழித்துப் போடுங்கள், அது தூசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஓடட்டும். சத்தம் நன்றாகவே கேட்கும், அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பதும் சலிப்பதும்தான் தூசி அதிகம் கிளம்பும் நேரம், அதை வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள்.

மெருகு திரவம் சேர்க்க ஆசைப்பட்டால் அம்மோனியா இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுப் பித்தளைக்குப் போடும் பிராஸோ வேண்டாம். அம்மோனியா பட்ட பித்தளை, இறுக்கத்தில் இருக்கும்போது வெடிப்பு விடும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்தில் நம் ஊர்க் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தானாகவே கீறிக்கொண்டதற்கு, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள்.

7. ஈரமுறையில் செய்வது

இதில் பிரைமரை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும். பழைய பிரைமரை ஊசியால் குத்தித் தள்ளும் டீகேப்பிங் டை, எல்லா அளவுக்கும் பொதுவானது ஒன்று, 15 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். சுடப்படாத பிரைமர் உள்ள உறையை அதில் வைக்காதீர்கள். வெளியே வரும் பழைய பிரைமர்களும் காரீயக் குப்பைதான், மூடியுள்ள டப்பாவில் விழும்படி வையுங்கள்.

பீப்பாயில் உறை, ஊசி, அவை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி பாத்திர சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் அல்லது லெமிஷைன் என்ற, சிட்ரிக் அமிலம் கலந்த பாத்திரம் கழுவும் தூள். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் பளிச்சென்று ஆகுமே என்று கை நீளும், நீள விடாதீர்கள். தோட்டா உறைப் பித்தளை என்பது ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அமிலம் கூடினாலோ நேரம் நீண்டாலோ துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாக வெளியே வரும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு யோசனை கட்டாயம் வரும். குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறோமே, இதற்கும் ஆகாதா? பளிச்சென்று ஆகும், ஆனால் வேண்டாம். புளியில் எவ்வளவு அமிலம் என்று அளக்க முடியாது, உப்பு குழிக்குள் கொஞ்சம் தங்கினாலும் அரிக்கும். விளக்கு வெடிப்பதில்லை, கரைந்தால் நஷ்டம் எண்ணெய்தான்.

இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஓடவிட்டால் உறைகளின் வாய் ஒன்றோடொன்று இடித்து மழுங்கிவிடும். அழுக்குத் தண்ணீர் கறுப்பாக இருக்கும், அதில் காரீயம் உண்டு, கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விடக் கூடாது. பழைய தூளையும் இந்தத் தண்ணீரையும் உங்கள் கவுண்டியின் வீட்டு அபாயக் கழிவு மையம் எப்படி வாங்குகிறது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள்.

8. உலர்த்துவது

உறையைத் துண்டில் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டினால் பெரும்பாலான தண்ணீர் வெளியே வந்துவிடும். அப்புறம் வெயில். அரிசோனாவில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஹூஸ்டன் புழுக்கத்தில் இரண்டு நாள் வைத்தாலும் குழியில் ஈரம் நிற்கலாம், அங்கே 50 டாலர் சுமாருக்கு ஒரு உணவு உலர்த்தி வாங்குவது உத்தமம். வாங்கியதும் மேலே மார்க்கரில் 'சாப்பாட்டுக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதில் வற்றல் போட்டுவிடுவார்கள்.

சமையலறை அவனில் வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள். காரீயம் ஒரு பக்கம் இருக்க, சூடு மீறினால் உறையின் அடிப்பாகம் மென்மையாகிவிடும். அடிப்பாகம்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது, மென்மையான உறையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சூட்டில் உலர்த்தியே ஆக வேண்டுமென்றால் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாதீர்கள், அதற்கென்று தனி அவன் வைத்துக்கொள்ளுங்கள்.

9. சோதனை

சுத்தம் செய்ததன் பெரிய பலன் இதுதான், இப்போதுதான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பாருங்கள். வாயில் கீறல் இருந்தால் குப்பை. கைத்துப்பாக்கி உறைகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் விரிசல் விட்டது மட்டும் மந்தமான ஓசை தரும், பழகினால் காதே பிடித்துவிடும்.

ரைஃபிள் உறையில் அடியிலிருந்து சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் சுற்றி ஓடினால், அந்த இடத்தில் சுவர் மெலிந்து, அடி தனியாகக் கழன்று வரும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டு மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் உறையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நசுக்காமல் போட்டால் அது எப்படியோ மறுபடி நல்ல டப்பாவுக்கே வந்து சேரும்.

சில 9 எம்எம் உறைகளில் உள்ளே பாதி உயரத்தில் ஒரு படி இருக்கும். உள்ளிருக்கும் இடம் குறைவதால் அழுத்தம் மாறிவிடும், அவற்றை ஒதுக்குங்கள். ஈரமுறையில் செய்தவர்கள் அடித்துளையில் இரண்டு ஊசி சேர்ந்து சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், இதற்குக் குறுக்கு வழி இல்லை. உயரத்தை அளக்க 20, 30 டாலர் டிஜிட்டல் காலிபர் போதும்: 9 எம்எம் உறை 0.754 அங்குலம், .223 உறை 1.760, .308 உறை 2.015, இவற்றுக்கு மேல் போகக் கூடாது. ரைஃபிள் உறையை அச்சில் அழுத்தும்போது நீளும் என்பதால் கடைசி அளவை அழுத்திய பிறகு எடுங்கள். அச்சில் போட எண்ணெய் தடவியிருப்பீர்கள், அதைப் போக்க இன்னொரு சிறு சுற்று, உலர்தூளில் அரை மணி நேரம்.

10. வைப்பது

நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள டப்பாவில் போட்டு, அளவு, எத்தனை தடவை சுட்டது, இராணுவ வகையா என்று எழுதி ஒட்டுங்கள். மாதக்கணக்கில் இருந்தால் நிறம் மங்கும், அதனால் ஒன்றும் இல்லை, மறுபடி ஓட்டத் தேவையில்லை. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம், பூட்டினால் இன்னும் நல்லது.

ஊருக்குப் போகும்போது ரேஞ்ச் பையையே கைப்பையாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எவ்வளவு உதறினாலும் உள்தையலில் ஒரு உறை ஒளிந்துகொண்டிருக்கும். சாவிக்கொத்தில் அழகுக்குத் தொங்கவிட்டிருக்கும் காலி உறையும் வேண்டாம். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரியும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் அடக்கம், காலியானதுதான் என்று விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்களை அழைக்க வந்தவர்கள் வெளியே காத்துக்கொண்டிருப்பார்கள். பயணத்துக்கென்று தனிப் பை ஒன்று வாங்கிவிடுங்கள்.